வீட்டுக்கு ஒரு காமிரா

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சற்றே கண்ணயரலாம் என்று நாம் சாய்வு நாற்காலியை நெருங்கிய தருணத்தில், வாசலில் குடை மடக்கும் சப்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், நமது கும்பகோணத்து நண்பர்! முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் போடாமல், டெலிபோனும் செய்யாமல், அவர் ரயிலேறி வந்துவிட்டார் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

விஷயம் பெரிதுதான். அவருடைய பெண் சீமந்தம் ஆகித் தலைப்பிரசவத்துக்காகப் பிறந்தகம் வந்திருக்கிறாள். இன்னும் சில வாரங்களில் வீட்டில் தொட்டில் கட்ட வேண்டும். அதே வீட்டுக் கூடத்தில், ஊஞ்சலுக்கு அருகே, எண்பத்தேழு வயதான அவருடைய தாயார் இருக்கிறார். அந்த அம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது; ஞாபகம் மங்கவில்லை.

"இவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் எத்தனை நாள் சேர்ந்திருப்பார்கள் என்பதை என் கணக்கினால் போட முடியாது. அதற்குள் நல்ல காமிரா ஒன்று வாங்கிவிட வேண்டும். போட்டோவும் எடுக்க வேண்டும்; வீடியோவும் எடுக்க வேண்டும். 80,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். எது வாங்கலாம், சொல்லும்" என்றார் நண்பர்.

சொல்லிவிட்டு, ஒரு தடித்த உறையை நம் மடியில் வைத்தார். அதற்குள் பதினான்கு காமிராக்களின் ஜாதகம் இருந்தது. ஒவ்வொன்றின் விலையையும் அதன் மெகாபிக்ஸலால் வகுத்து, ஒரு மெகாபிக்ஸல் என்ன விலை விழுகிறது என்பதை மூன்று தசம ஸ்தானம் வரையில் கணக்கிட்டுக் கொண்டு வந்திருந்தார். கத்தரிக்காயைக்கூட நாம் இவ்வளவு நிர்த்தாட்சண்யமாக நிறுத்து வாங்கியதில்லை.

நாம் இந்தத் துறையில் நிபுணர் அல்லோம். ஆயினும் நமக்கு இதில் அக்கறை உண்டு. அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நமது பாட்டியாருக்கு, படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்ற திடமான நம்பிக்கை இருந்தது. ஆகவே, வீட்டில் நடந்த கல்யாணங்களில் ஒன்றிலாவது அவர் படக்காரர் முன்னால் வந்து நின்றது கிடையாது. பிறகு அவர் காலமானார். காலமான அன்றைக்குத்தான் டவுனிலிருந்து படக்காரரை அழைத்து வந்தார்கள். அக்காலத்து வழக்கப்படி, பாட்டியாரை நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, பிள்ளைகளும் மருமக்களும் சுற்றிலும் நிற்க, ஒரு படம் பிடித்தார்கள். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் அவருடைய முகம் என்று இருப்பது அந்த ஒன்றுதான். "கொள்ளுப் பாட்டி எப்படி இருப்பாள்?" என்று கேட்கும் குழந்தைகளிடம் அந்தப் படத்தை எடுத்துக் காட்ட நமக்கு மனம் வருவதில்லை. "உங்கள் பெரிய அத்தையைப் போல இருப்பாள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

ஆகையினால், தூக்கத்தைத் தியாகம் செய்து, மேற்படி உறையைப் பிரித்தோம்.

முதலில் எழும் ஆட்சேபம், கைபேசி இருக்கும்போது காமிரா எதற்கு என்பது. நண்பருடைய மனைவியாரும் இதையேதான் கேட்டாராம். நியாயமான கேள்வி. பகல் வெளிச்சத்தில், நாலு பேர் அசையாமல் நிற்கும்போது, நல்ல கைபேசி எடுக்கும் படத்துக்கும் காமிரா எடுக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாது. கோயிலுக்குப் போய் வந்ததற்கும், மாமா வந்து போனதற்கும் படம் வேண்டுமானால் கைபேசியே யதேஷ்டம். 80,000 ரூபாயைப் பாங்கியில் போட்டுவிடலாம். ஆனால் நமது வீடுகளில் நிகழ்கிறவையெல்லாம் பகல் வெளிச்சத்திலா நிகழ்கின்றன? குழந்தை சிரிக்கத் தொடங்குவது விளக்கு வைத்த பிறகு. அதுவும் கூடத்து மூலையில். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நம் பேத்தி மேடையில் நிற்பது நூறடி தூரத்தில். தவழ்கிற குழந்தையோ ஒரு கணமும் ஓரிடத்தில் இராது. இருட்டு, தூரம், அசைவு ஆகிய மூன்றிலும்தான் கைபேசி திணறுகிறது; காமிரா தன் விலைக்கு நியாயம் சொல்கிறது.

காரணம் எளியது. பழைய காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் இன்றைய காமிராவில் ஸென்ஸார் என்கிற சில்லு இருக்கிறது. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் சேரும்? ஒளியின் சங்கதியும் அதுவே. 'முழு அளவு' என்று சொல்லப்படும் ஸென்ஸார் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது; அதாவது 864 சதுர மில்லிமீட்டர். அதற்கு அடுத்தது 'ஏ.பி.எஸ்.ஸி.' என்பது; கம்பெனிக்குத் தக்கபடி சுமார் 330 முதல் 370 வரை. அதற்கும் கீழே 'மைக்ரோ நாலில் மூன்று' என்கிற வகை, 225. பிறகு 'ஒரு அங்குலம்' என்று பெயர் சூட்டப்பட்டது. இதன் பரப்பு 116 தான். கைபேசிகளில் இருப்பவை பெரும்பாலும் இதிலும் சிறியவை. அந்த 'ஒரு அங்குல'த்தை அளவுகோல் வைத்து அளந்தால் எந்தப் பக்கத்திலும் ஓர் அங்குலம் வராது. மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டர்தான். பழைய டெலிவிஷன் காமிராக் குழாய்களின் வெளி விட்டத்தைக் கொண்டு அந்தக் காலத்தில் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குப்புசாமி என்று பெயர் வைத்திருப்பவரெல்லாம் குப்பையிலா பிறந்தார்கள்?

முதன் முதலாகக் காமிரா வாங்கும் குடும்பத்துக்கு நடு வகையான ஏ.பி.எஸ்.ஸி.யே ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். முழு அளவுக் காமிரா நல்லதுதான். ஆனால் அதற்குரிய லென்ஸுகள் கனமும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. கனமான காமிரா சீக்கிரத்தில் கொலுப் பொம்மைகளோடு பரணில் ஏறிவிடும். அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறைதான் அதற்கு விமோசனம்.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "அப்படியானால் மெகாபிக்ஸல்?" என்று கேட்டார், நம்பிக்கையிழந்த குரலில்.

மெகாபிக்ஸல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் தொகை. பத்து லக்ஷம் புள்ளி ஒரு மெகாபிக்ஸல். ஆறுக்கு நாலு அங்குலத்தில் நாம் ஆல்பத்தில் ஒட்டும் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நயமாக அச்சிட, 1,800-க்கு 1,200, அதாவது 21,60,000 புள்ளிகள் போதும். இரண்டு மெகாபிக்ஸலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கடையில் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிற 24 மெகாபிக்ஸல் காமிராவின் படத்தை அதே நயத்துடன் இருபது அங்குல நீளத்துக்கு அச்சிட்டுச் சுவரில் மாட்டலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சுவரைத்தான் பெரிதாகக் கட்ட வேண்டும். 1975-இல் கோடக் கம்பெனியில் ஸ்டீவன் ஸாஸன் என்ற என்ஜினீயர் செய்த முதல் டிஜிடல் காமிராவில் இருந்தது பதினாயிரம் புள்ளிகளே. ஒரு படத்தைக் காஸெட்டில் பதிய 23 விநாடி பிடித்தது. அந்த நாளில் புள்ளிக்குப் பஞ்சம் இருந்தது. இன்று இல்லை.

பஞ்சம் இருப்பது வெளிச்சத்துக்கு. அதைக் கொண்டு வருவது லென்ஸ். காமிராவோடு சேர்த்துக் கொடுக்கிற லென்ஸ், கிட்டத்தையும் தூரத்தையும் ஓரளவு இழுத்துக் காட்டும், ஸௌகரியமானது, ஆனால் வாய் குறுகியது. அதன் வாயகலத்தை எப் 3.5 என்றும், எப் 6.3 என்றும் எண்ணால் குறிக்கிறார்கள். எண் பெருகப் பெருக வாய் குறுகும் என்பதுதான் இதில் உள்ள தலைகீழ்ப் பாடம். முன்னும் பின்னும் இழுபடாத, ஒரே நிலையில் நிற்கிற லென்ஸ் ஒன்று எப் 1.8 என்ற அளவில், ஒப்பு நோக்க மலிவாகவே கிடைக்கிறது.

"6.3-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கும்" என்றோம்.

நண்பர் கண்ணை மூடினார். காகிதமும் பென்ஸிலும் இல்லாமல், "பன்னிரண்டே கால்!" என்றார்.

அந்த லென்ஸ் பன்னிரண்டே கால் மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. சேர்த்துக் கொடுத்த லென்ஸை முழுக்க இழுத்து வைத்துக்கொண்டு, கூடத்தில் ராத்திரி விளக்கில் படம் எடுத்தால், ஷட்டர் விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் குழந்தை கையை ஆட்டிவிடும். கைக்குப் பதிலாகப் புகைமாதிரி ஒன்றுதான் விழும். வாய் அகன்ற லென்ஸில் அதே வெளிச்சத்தில் இருநூற்று நாற்பதில் ஒரு பங்கு போதும். கை கையாகவே விழும். நண்பருடைய அட்டவணையில் லென்ஸுக்கு என்று ஒரு பத்திகூடக் கிடையாது. அவர் உறையை மெல்ல மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைக்காரர்கள் எல்லோரும் எடுத்துக் கொடுப்பது 50 மில்லிமீட்டர் லென்ஸ். மலிவு, அழகு, முகத்துக்கு மிகவும் பொருத்தம். ஆனால் ஏ.பி.எஸ்.ஸி. காமிராவில் அதை மாட்டிப் பத்தடி தள்ளி நின்றால் சுமார் நாலரை அடி அகலந்தான் படத்தில் அடங்கும். பாட்டி அடங்குவார், ஊஞ்சல் அடங்காது. இன்னும் பின்னால் போகலாம் என்றால் நம் வீடுகளில் சுவர் வந்துவிடும். சில வீடுகளில் கிணறு வந்துவிடும். 35 மில்லிமீட்டர் லென்ஸில் அதே பத்தடியில் ஆறரை அடி வரையில் அகப்படும். கூடம் சிறியதாயிருப்பவர்கள் 35-ஐயோ, அதை ஒட்டிய 30-ஐயோ கேட்டு வாங்குவது உசிதம்.

மறு நாள் காலையில் நண்பருடைய மனைவியாரை டெலிபோனில் அழைத்தோம். வீட்டில் நாள் முழுவதும் இருக்கப் போகிறவர் அவர். குழந்தை குப்புற விழும்போது நண்பர் வாசகசாலையில் இருப்பார் என்பதை நாம் அறிவோம்.

"என்ன எடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, எங்கள் மாமியார் ஒரு தாலாட்டுப் பாடுவார். அவருடைய அம்மா பாடியதாம். எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. நடுநடுவே எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களெல்லாம் வரும். எனக்கு அது முழுக்கப் பாடம் இல்லை. பெண்ணுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. குழந்தை பிறந்தால் கட்டாயம் பாடுவார். அது வேண்டும்" என்றார்.

பதினான்கு காமிராக்களின் ஜாதகத்தில் எங்கும் எழுதப்படாத சங்கதி இது. மெகாபிக்ஸலும் லென்ஸும் ஒரு புறம் இருக்கட்டும். இந்த வீட்டுக்கு வேண்டியது குரல்.

வீடியோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் படத்தைப் பற்றியே பேசுகிறார்கள். படம் கொஞ்சம் மங்கலாயிருந்தால் பார்த்துவிடலாம். குரல் தெளிவில்லாவிட்டால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். காமிராவுக்குள்ளேயே இருக்கிற மைக், கூடத்து மின்விசிறியையும், சமையலறைத் தாளிப்பையும், லென்ஸுக்குள் ஓடுகிற சிறு மோட்டாரையும் பாரபட்சமின்றிப் பதிந்துவிடும். அந்தச் சந்தடியில் எண்பத்தேழு வயதுக் குரல் எங்கே எடுபடும்? ஒலிக்கு ஒரு குணம் உண்டு. தூரம் இரட்டித்தால் அதன் வலிமை நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே வழி ஒன்றுதான்: மைக், பாடுகிறவருடைய வாய்க்கு அருகில் இருக்க வேண்டும். புடவைத் தலைப்பில் செருகிக்கொள்ளும்படியான சிறிய கம்பியில்லா மைக்குகள் இப்போது கிடைக்கின்றன. அதைச் செருகுவதற்குக் காமிராவில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாத காமிரா எவ்வளவு சிலாக்கியமானதாயிருந்தாலும் இந்த வீட்டுக்கு உதவாது. மைக் வாங்கிய பிறகும், பாட்டி பாடும் நேரத்தில் விசிறியை நிறுத்திவிட வேண்டியதுதான்.

வீடியோவில் இன்னொரு தொல்லை நம் தேசத்து மின்சாரத்தினால் வருவது. அது விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. அதனால் பழைய சோக் வைத்த குழல் விளக்குகளும், மலிவான எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கு, வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஓடித் தெரியும். காமிரா பழுது என்று எண்ணிக் கடைக்கு ஓட வேண்டாம். காமிராவின் ஏற்பாடுகளில் 'பால்' என்ற முறையைத் தேர்ந்துகொண்டு, விநாடிக்கு 25 படம் என்று வைத்து, ஷட்டரை ஐம்பதில் ஒன்று என்று நிறுத்திவிட்டால் பட்டைகள் பெரும்பாலும் போய்விடும். அமெரிக்காவில் மின்சாரம் 60 தடவை அலைவது. அந்நாட்டார் சொல்லிக் கொடுக்கும் எண்கள் கும்பகோணத்துக்குப் பொருந்தா.

4 கே வேண்டுமா என்று கேட்பார்கள். அதில் ஒவ்வொரு படத்துக்கும் எண்பத்துமூன்று லக்ஷம் புள்ளிகள் உண்டு. விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் இடம் வேண்டும்; 64 ஜிகாபைட் கார்டு ஒன்றரை மணிக்குள் நிரம்பிவிடும். தாலாட்டை 4 கேயில் எடுக்கலாம். குழந்தை தூங்குவதை முக்கால் மணி நேரம் 4 கேயில் எடுப்பது, நம் அபிப்பிராயத்தில், கார்டுக் கம்பெனிக்குச் செய்யும் தர்மம். கார்டு வாங்கும்போது அதன் மேல் 'வீ 30' என்ற அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்பது அதன் பொருள்.

இரண்டு நாள் கழித்து நண்பருடன் சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரப் பையன் மரியாதையுள்ளவன். ஆனால், காமிராவைக் காட்டுவதற்கு முன்னால் தோள் பையையும், முக்காலியையும், மூன்று வர்ணக் கண்ணாடிகளையும் மேஜை மேல் பரப்பிவிட்டான். அவற்றை ஒதுக்கச் செய்து, காமிராக்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தோம். அட்டவணையில் அகப்படாத ஞானம் கையில் எடுத்தவுடன் வந்துவிடுகிறது. ஸோனியின் ஸெட்.வி. இ 10, நிகானின் ஸெட் 30 ஆகியவை கச்சிதமானவை, வீடியோவுக்கு உகந்தவை, ஆனால் இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது. பின்புறத்துத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வெயிலில் அந்தத் திரை தெரியாது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு நிழலிலும் தெரியாது. கண் வைக்கும் துவாரம் உள்ளவற்றிலோ, பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருப்பி நம் பார்வைக்குத் தக்கபடி சரி செய்துகொண்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். அறுபது வயதானவர்கள் உள்ள வீட்டில் இது அற்பமான விஷயம் அல்ல. 2023-இல் வந்த கானன் ஆர் 50-இல் இந்தத் துவாரமும் உண்டு, மைக்குத் துளையும் உண்டு. பாட்டரியும் கார்டும் உள்பட எடை சுமார் 375 கிராம். நண்பர் அதைத் தூக்கிப் பார்த்து, "என் டிபன் டப்பா இதைவிடக் கனம்" என்றார். இப்படிப்பட்ட குணங்கள் உள்ளவை வேறு கம்பெனிகளிலும் உண்டு, பெயர் முக்கியமல்ல. காமிராவே முகத்தையும் கண்ணையும் கண்டுபிடித்து, குழந்தை நகர நகரப் போகஸைத் தொடர்ந்து கொண்டு போகிறதா என்பதைக் கடையிலேயே, பையனைக் குறுக்கும் நெடுக்கும் நடக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். நன்றாகவே நடந்தான்.

நமக்கு இந்தச் சமயத்தில் ஊட்டியின் நினைவு வந்தது. அங்கே 1960-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையிலிருந்து 'இந்து' என்ற பெயரில் சுதேசிப் பிலிம் வந்துகொண்டிருந்தது. ஆக்பா கிளிக் 3 என்ற கறுப்புப் பெட்டியில் ஒரு சுருளை மாட்டினால் பன்னிரண்டு படம். பொங்கலில் மாட்டிய சுருள் சில வருஷம் தீபாவளி வரை வந்ததுண்டு. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்றைய கடையில் நாம் கையில் எடுத்தவை அவ்வளவும் ஜப்பானியக் கம்பெனிகளுடையவை.

பணம் இவ்வளவு இல்லாதவர்கள் பழைய காமிரா வாங்கலாமா என்று நேயர்கள் கேட்கலாம். தாராளமாக வாங்கலாம். உள்ளே கண்ணாடி வைத்த பெரிய காமிராக்கள் இப்போது இரண்டாங் கையில் மலிந்து கிடக்கின்றன. 2018 முதல் கானன், நிகான் கம்பெனிகள் கண்ணாடியில்லாப் புது வகைக்குத் திரும்பிவிட்டதே காரணம். போட்டோவுக்கு அவை இன்றும் குறைந்தவை அல்ல. வீடியோவுக்குத்தான் யோசிக்க வேண்டும். வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால் கண் வைக்கும் துவாரம் இருண்டுவிடும். பழைய மாதிரிகள் பலவற்றில் போகஸும், இருட்டில் செருப்புத் தேடுகிறவரைப் போல, முன்னும் பின்னும் தடவும். 2013-இல் வந்த கானன் 70 டி முதலாக அக்கம்பெனியின் பல மாதிரிகளில் இந்தத் தடவல் தீர்ந்தது. இரண்டாங் கை லென்ஸை வாங்குமுன், கைபேசியின் டார்ச்சை ஒரு புறம் அடித்து மறு புறத்திலிருந்து பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். அரை விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பூஞ்சணம் என்றதும் புது லென்ஸ்காரர்களும் அலட்சியமாயிருக்க வேண்டாம். நாகப்பட்டினம், சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில், தோல் உறைக்குள் வைத்து மூடிய லென்ஸ் ஒரே மழைக்காலத்தில் பூத்துவிடும். பட்டுப் புடவைகளோடு பீரோவில் பூட்டி வைப்பது மரியாதையாகத் தோன்றலாம். லென்ஸுக்கு அது சிறைவாசம். சமையலறையில் பயன்படுவது போன்ற, காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் ஈரம் உறிஞ்சும் ஸிலிகா ஜெல் பொட்டலங்கள் இரண்டு, இவை போதும். எல்லாவற்றையும்விட மேலான வைத்தியம், அடிக்கடி வெளியில் எடுத்து உபயோகிப்பதுதான்.

பணத்தைப் பங்கிட்ட விதம் வருமாறு. காமிராவுக்கும் அதனோடு வரும் லென்ஸுக்கும் சேர்த்து முக்கால் பங்குக்கு மேல் போகக் கூடாது என்று முன்னதாகவே தீர்மானித்துக்கொண்டோம். மிச்சம் கால் பங்கில் கார்டு, மைக், படங்களைச் சேமித்து வைக்க ஒரு டிஸ்க். அகன்ற வாய் லென்ஸுக்கு அதில் இடம் போதவில்லை. நண்பர் முகம் வாடிற்று. "பிரசவத்துக்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்; அது வரையில் தொட்டிலை முற்றத்து ஓரமாகக் கட்டும்" என்றோம். முற்றத்து வெளிச்சத்துக்கு நிகரான லென்ஸை எந்தக் கம்பெனியும் இதுவரையில் செய்யவில்லை. பச்சைக் குழந்தையின் முகத்துக்கு நேரே ப்ளாஷ் அடிக்கிற அவசியமும் இல்லாமற் போகும்.

டிஸ்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாகாது. ஒன்று சம்பந்தி வீட்டில் இருக்கட்டும். நமது கைபேசி ஒரு முறை கிணற்றடியில் விழுந்து உடைந்தபோது, நாலு வருஷத்துப் படங்கள் அதனோடு போய்விட்டன. பழுது பார்க்கிறவர், "வேறு பிரதி இல்லையா?" என்று கேட்டார். இல்லை. தமிழ் பேசிய முதல் சினிமாவான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதற்கும் இன்று ஒரு பிரதி கிடைக்கவில்லை. இதற்கு மறு புறமும் உண்டு. ஏ. கே. செட்டியார் 1940-இல் காந்தி மகானைப் பற்றிய டாகுமெண்டரி படத்தை வெளியிட்டாரே, அதற்காகக் கண்டம் கண்டமாகச் சுற்றினார். யார் யாரோ, எந்தெந்தக் காலத்திலோ பிடித்து வைத்திருந்த சுருள்களைத் தேடிச் சேகரித்தார். அவர்கள் வைத்திருந்ததனால் அவருக்குக் கிடைத்தது. வருஷத்துக்கு ஐம்பது படமாவது அச்சிட்டு, பின்புறத்தில் பென்ஸிலால் பெயரும் தேதியும் எழுதி வைப்பதும் நல்லது. "இது யார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர் எல்லா நாளும் கூடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இன்னொன்று. படம் எடுக்கிறவர் படத்தில் இருப்பதில்லை. நமது நண்பர்கள் பலருடைய ஆல்பங்களைப் புரட்டினால், பத்து வருஷத்தில் வீட்டுக்காரியின் முகம் நாலு இடத்தில் இருந்தால் அதிகம். அல்லது வீட்டுக்காரர் அடியோடு இல்லை. காமிராவை வாரத்துக்கு ஒரு முறையாவது வேறு கைக்கு மாற்ற வேண்டும். எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தால் தலைகள் அறுபட்டு விழுமே என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். விழட்டும், பையன் ஒன்பது வயதில் தேறிவிடுவான்.

காமிரா கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. முதல் நாள் அதைத் தாயாருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தபோது, "இது ஆயுளைக் குறைக்கிற யந்திரம் அல்லவா?" என்று கேட்டாராம் அந்த அம்மாள். நண்பர் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். "எண்பத்தேழில் குறைக்க என்னடா இருக்கிறது, எடு" என்று தலைப்பைச் சரி செய்துகொண்டு நேரே உட்கார்ந்தாராம்.

குழந்தை பிறந்துவிட்டது, பெண். தாயும் சேயும் சௌக்கியம். பதினோராம் நாள் தொட்டிலில் விட்டார்கள். அன்று மாலை நண்பருடைய மனைவியார், புடவைத் தலைப்பில் மைக்கைச் செருகி, விசிறியை நிறுத்தி, வாசற்கதவைச் சாத்தி, எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுக் காமிராவை முடுக்கினார். பாட்டி பாடினார். ஏழு நிமிஷம். இடையில் ஓரிடத்தில் வரி மறந்து நின்று, குழந்தையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்து, மறுபடி எடுத்துக்கொண்டார். ஊர்ப் பெயர்கள் ஒன்பதும் வந்திருக்கின்றன. நாம் எண்ணிப் பார்த்தோம். ஆறாவது ஊரின் பெயர் வருகிற இடத்தில், யாரும் எதிர்பாராத விதமாகச் சமையலறையில் குக்கர் விசிலடித்துவிட்டது.

அந்த விசிலை மட்டும் கத்தரித்து எடுக்க வழி உண்டா என்று நண்பர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். உண்டு என்றும், எடுக்க வேண்டாம் என்றும் பதில் எழுதிப் போட்டிருக்கிறோம்.